முதுகு காட்டிய நீராவி மோட்டார்

விராலிமலை முருகன் மேல் ஆணையாக, அவர் ஏறி உட்கார்ந்திருக்கும் மயில் மேல் ஆணையாக, அந்த மயிலின் காலடியில் கிடக்கும் பாம்பின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போவதில் ஒரு வரியைக்கூட நீங்கள் நம்பப் போவதில்லை. என் வீட்டிலேயே நம்பவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தமும் கிடையாது. பஸ் நேரமும் மைல் கணக்கும் குறித்திருக்கிறேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யாரென்று தெரிய வேண்டும். பழைய நீராவி மோட்டார்களின் போட்டோப் படங்களைச் சேர்ப்பதில் கன்னியாகுமரியிலிருந்து காசி வரைக்கும் எனக்கு நிகர் கிடையாது. வேறு யாரும் அதைச் செய்வதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெட்ரோல் கார் நம் பக்கம் புழங்குவதற்கு முன்னால், ரயில் எஞ்சினைப் போலத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அந்த ஆவியில் ஓடிய கார்கள் சில கப்பலில் வந்து இறங்கின. வண்டிகளெல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. படங்கள் மட்டும் யார் வீட்டுப் பரணிலோ சுவரிலோ மாட்டிக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டு வருஷம் அலைந்து நான் சேர்த்தது ஆறு. "ஆறு படத்துக்கா இவ்வளவு அலட்டல், மாமா?" என்று மருமகள் கேட்டாள். ஆறுமுகனுக்கே ஆறு போதுமென்றால் எனக்குப் போதாதா என்று சொல்லி வாயை அடைத்தேன். உள்ளுக்குள் ஏழாவதுக்கு உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம், 1944 மாசி மாதம், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, நீராவி மோட்டார் ஒன்று ஒரே மூச்சில் ஓர் ஊருணியைக் குடித்துவிட்டு அடுத்த ஊருணிக்கு வழி கேட்ட கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த விராலிமலை பஸ் டிரைவர் வீரய்யா குறுக்கே புகுந்தார்.

"அண்ணே, அந்த மாதிரி ஒரு படம் எங்க ஊரு டீச்சரம்மா வீட்டுல தொங்குது. வண்டி பின்னாடி பூரா புகை."

"கரி பஸ்ஸா இருக்கும்ப்பா."

"நான் ஓட்டுறதே கரி பஸ்ஸு. எனக்கே கரி பஸ்ஸை அடையாளம் காட்டுறீங்களா? அது சின்ன வண்டிண்ணே. ஸ்டீரிங் சக்கரமே கிடையாது. உலக்கையைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு தண்டைப் புடிச்சுக்கிட்டு ஒரு ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

எனக்குக் காப்பி புரையேறியது. சக்கரத்துக்குப் பதில் தண்டு, பின்னால் ஆவி. இரண்டும் சேர்ந்தால் ஜாதகப் பொருத்தம் பார்க்கவே வேண்டாம். வருகிற சனிக்கிழமையே வருகிறேன் என்றேன்.

யுத்தகாலப் பயணத்தைப் பற்றி, இதுவரை வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் கூப்பனுக்குத் தவம் கிடக்க வேண்டியிருப்பதால் இப்போது பஸ்கள் கரியில் ஓடுகின்றன. பஸ்ஸின் முதுகில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு அடுப்பு. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, பக்கத்திலுள்ள காற்றாடிச் சக்கரத்தைக் கையால் அரைமணி நேரம் சுற்றினால், கரிவாயு கிளம்பி எஞ்சினுக்குப் போகும். ஆறரை மணி பஸ் என்றால் ஆறு மணிக்குப் போய்விடுங்கள். உங்களையும் சுற்றச் சொல்வார்கள். நானும் சுற்றினேன். நான் சுற்றிய வேகத்தில் பஸ் நின்ற இடத்திலேயே நிற்க, புதுக்கோட்டை நகரம் கிழக்கே இரண்டு பர்லாங்கு நகர்ந்துபோயிற்று. சமஸ்தான ஆபீஸில் இதை இன்னும் கவனிக்கவில்லை.

புறப்பட்டது ஏழு மணி பத்து நிமிஷம். விராலிமலைக்கு இருபத்தைந்து மைல், டிக்கெட் ஒன்பது அணா. பத்தாவது மைலில் அன்னவாசல். அங்கே இறங்கிச் சாம்பலைக் கிளறிவிட்டார்கள். ஒன்பதே காலுக்கு இலுப்பூர். இட்லி சுமார், சட்னி நன்றாயிருந்தது. இலுப்பூருக்கு அப்பால் ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆம்பிளைகளெல்லாம் இறங்கித் தள்ளினோம். போதவில்லை. அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து பதினெட்டு மயில்கள் வந்து, தோகையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எங்களோடு தோள் கொடுத்தன. அவற்றில் ஒன்று டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டக்டர் தகராறு செய்ததை நான்தான் சமாதானம் செய்து வைத்தேன்.

பத்து மணி இருபது நிமிஷத்துக்கு விராலிமலை. பஸ் திரும்பிக் கிளம்ப மூன்று மணியாகும். அதுவரை வீரய்யாவுக்கு வேலையில்லை. டீச்சர் வீடு ஆவூர் போகும் பாதையில் நாலு மைல். ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, "பின்னாடி ஏறுங்கண்ணே" என்றார். நான் கொஞ்சம் கனமான ஆள். ஒரு மைல் மிதித்ததும், "அண்ணே, உங்க நீராவி மோட்டாருல உங்கள ஏத்துனா அதுவும் இறங்கித் தள்ளச் சொல்லும்" என்றார். மீதி மூன்று மைலும் மேடு வந்த இடத்திலெல்லாம் நான் இறங்கி நடந்தேன். மேடு இல்லாத இடமாக எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓட்டுவீடு. அருளம்மாள் டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். ஆவூர் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தனியாக இருக்கிறார். வீரய்யாவைப் பார்த்ததும், "ஒம் மகன் ரெண்டு நாளா பள்ளிக்கூடத்துக்கு வரல. நீ சைக்கிள்ல ஊரு சுத்துற" என்றுதான் வரவேற்பு. என்னைப் பார்த்து, "வாங்கய்யா. இங்கிட்டு நிழல்ல ஒக்காருங்க. தபசு காலமுங்க, ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி இல்ல. கேப்பைக் கூழும் மோர் மிளகாயும்தான் இருக்கு" என்றார். வீரய்யா சட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

படம் சுவரில் ஒரு மாதா படத்துக்குக் கீழே தொங்கியது. எட்டங்குலத்துக்கு ஆறங்குலம், கண்ணாடித் தகட்டிலிருந்து நேராக அச்செடுத்த பழைய வேலை.

இந்தச் சேகரிப்பில் இறங்க விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீராவி மோட்டார் என்று சொல்லி என்னிடம் காட்டப்பட்ட படங்களில், ரோடு போடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓவர்சியர் நிற்கிற படம் மட்டும் பதினான்கு. ஏமாறாதீர்கள். முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் துவாரம் இருந்தால் அது பெட்ரோல் வண்டி, வைத்துவிட்டு வந்துவிடலாம். வண்டியின் விளிம்பைப் பாருங்கள். அந்தக் காலத்தில் படம் பிடிக்க நேரம் எடுக்கும். பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் நடுங்கும், அதனால் விளிம்பு கலங்கி விழும். நீராவி வண்டி நின்றால் கோவில் யானை மாதிரி அசையாது, ஒவ்வொரு ஆணியும் தெரியும். உட்காரும் பலகைக்குக் கீழே அண்டா மாதிரி பாய்லர் இருக்கும். கடைசியாக ஒன்று, இதுதான் முத்திரை: டிரைவரின் கைப்பக்கம், வண்டிக்கு வெளியே, உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி.

இந்தப் படம் பின்னாலிருந்து எடுத்தது. கார் படத்தை யாராவது பின்னாலிருந்து எடுப்பார்களா? இந்த முதலாளி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆவி வண்டியின் பின்னால் வெளியேறும், அது படத்தில் விழாவிட்டால் வெறும் குதிரையில்லாத வண்டி என்று ஊர் சொல்லிவிடும் என்ற கவலை. ஜரிகைத் தலைப்பாகையோடு இடப்பக்கம் உட்கார்ந்து, உடம்பை முழுக்கத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். ஒரு வாரம் கழுத்து சுளுக்கியிருக்கும். வலப்பக்கம் தண்டைப் பிடித்த டிரைவர். முண்டாசு, பிடரி, முதுகு. அவ்வளவுதான்.

"டீச்சரம்மா, இது எனக்கு வேணும்" என்றேன். நாசூக்கு எனக்கு வராது.

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டு எடுத்துக்குங்க. அந்த முதுகு எங்கப்பாதானா?"

விஷயம் இதுதான். அவருடைய அப்பா சவரிமுத்து, ரயில் எஞ்சினில் கரி தள்ளிக்கொண்டிருந்தவர். ஆவி வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று பக்கத்து ஊர் மிராசுதார் அவரைக் கூட்டிவந்தார். டீச்சர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் சவரிமுத்து காலராவில் போய்விட்டார். பிறகு திருச்சியிலிருந்து வேறொரு ஆளை வைத்து வண்டியை ஓட்டினார்கள். டீச்சருக்கு ஆறு வயதானபோது அம்மாவும் போய்விட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால் மிராசுதார் வீட்டைக் காலி செய்தபோது வெளியே கிடந்த சாமான்களில் இந்தப் படம் இருந்தது. அம்மா இதைப் பார்த்ததே கிடையாது.

"திருச்சி ஆளா இருந்தா, இருபது வருஷமா கல்லறைத் திருநாளுக்கு நான் யாரோ ஒருத்தர் முதுகுக்கு மெழுகுவத்தி கொளுத்திக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பாவுக்கு ஏதாவது அடையாளம் உண்டா?"

"வலது கன்னத்துல தழும்பு. வண்டியில தண்ணி மட்டம் பாக்குற கண்ணாடிக்குழாய் வெடிச்சு வெந்து போச்சாம். எனக்குச் சோறு ஊட்டுறப்ப அம்மா என் கன்னத்தைத் தொட்டுக் காட்டும், இங்கதான்னு. ஆனா முதுகுல என்னத்தைத் தேடுறதுங்க?" கொஞ்சம் தயங்கி, "அவரு பெரிய புளுகராம். சொல்றதுல முக்காவாசி பொய்யின்னு அம்மா சொல்லும். ஒரு நாள் வந்து, 'இன்னைக்கு முதலாளி போட்டோ புடிச்சாரு. நீ திரும்பாதேன்னு சொல்லிட்டாரு. நான் திரும்பல. ஆனா படத்துல சிரிச்சுக்கிட்டிருக்கேன்'னு சொன்னாராம். அதெப்படின்னு கேட்டா, 'தேடிப் பாரு'ன்னாராம்."

"அசல் நம்ம அண்ணன் மாதிரி ஆளு" என்றார் வீரய்யா, கூழை உறிஞ்சியபடி.

படத்தை இறக்கி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அது சாதாரணப் பூதக்கண்ணாடி இல்லை. அதை வைத்துப் பார்த்தால் எறும்பின் பல்லில் சொத்தை இருந்தாலும் தெரியும். முதலில் வண்டியைப் பார்த்தேன், என் புத்தி அவ்வளவுதான். துவாரம் இல்லை. விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அண்டா இருந்தது. வலப்பக்கம், முன்னால், பித்தளை வளையத்துக்குள் அந்தச் சின்னக் கண்ணாடியும் இருந்தது. "முத்திரை விழுந்தாச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட ஓடு இரண்டு நழுவியது.

"கண்ணாடி எதுக்குங்க?" என்றார் டீச்சர்.

தண்ணி மட்டம் காட்டும் குழாய் டிரைவரின் கைக்குப் பின்னால் இருக்கும். ஓட்டும்போது திரும்பிப் பார்க்க முடியாது. தண்ணி வற்றினால் பாய்லர் போய்விடும். அதனால் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, குழாயை அதில் பார்த்துக்கொண்டே போவார்கள். இதைச் சொல்லிக்கொண்டே, குழாய் தெரிகிறதா என்று அந்த வளையத்துக்குள் லென்ஸை இறக்கினேன்.

குழாய் தெரியவில்லை. ஒரு முகம் தெரிந்தது.

அரிசி அளவு. முண்டாசுக்குக் கீழே இரண்டு கண், மீசை, பல் தெரியும் சிரிப்பு. கண் நேரே நம்மைப் பார்த்தது. தண்ணி பார்க்க வைத்த கண்ணாடியை, படம் பிடிக்கிறவருக்குத் தெரியாமல் லேசாகத் திருப்பி வைத்துவிட்டு, திரும்பாமலேயே அந்த ஆள் தன் முகத்தைப் படத்துக்குள் போட்டுவிட்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் நம்பமாட்டார்கள்.

"தழும்பு இருக்குதுங்களா?" டீச்சரின் குரல் எங்கிருந்தோ வந்தது.

இருந்தது. கன்னத்தில் வெளுத்த திட்டாக. இன்னொரு முறை பார்த்தேன். "இருக்கு டீச்சரம்மா. ஆனா... இடது கன்னத்துல."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கை தானாகவே தன் வலது கன்னத்துக்குப் போயிற்று. "இல்லீங்க. அம்மா இந்தக் கன்னத்தைத்தான் தொடும்." பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்" என்றார். வாய்தான் சொன்னது.

ஓர் ஈயைப் போலச் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். வாசலில் சட்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏண்ணே, நீங்க இத்தனை நேரம் எதுக்குள்ள பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"கண்ணாடிக்குள்ள."

"எங்க கண்டக்டருக்கு நெத்தியில எடப்பக்கம் வெட்டு. தினம் நான் பஸ் கண்ணாடில பாக்குறப்ப அந்த வெட்டு வலப்பக்கம்தான் தெரியும். பன்னண்டு வருசமா படம் பாக்குறீங்க, இது கூடவா தெரியல?"

டீச்சர் எழுந்த வேகத்தை நான் எழுதினால் அதையும் புளுகு என்பீர்கள். ஆணியில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றார். வலது கன்னத்தில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். அவள் எங்கள் எதிரே வந்து நின்றால் அவளுக்கு அது இடது கன்னம். நான் லென்ஸை நீட்டினேன்.

ஜன்னலோரம் குனிந்தவர் நிமிரவே இல்லை. வெளியே ஒரு மாட்டுவண்டி வந்து, கடந்து, சத்தம் ஓய்ந்து போயிற்று.

"பல்லு என் பல்லு" என்றார் கடைசியில். "முன்னாடி ஒண்ணு சாஞ்சிருக்கு பாருங்க." பிறகு லென்ஸை எடுக்காமலேயே, "அந்த ஒண்ணு மட்டும் பொய் சொல்லல, அப்பா" என்றார். அது எங்களிடம் சொன்னதல்ல.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டத்தைத் தலைப்பால் துடைத்தார். என்னிடம் நீட்டினார். "எடுத்துக்குங்கய்யா. சொன்னா சொன்னதுதான்."

என் ஏழாவது படம். பன்னிரண்டு வருஷம். நான் வாங்கி, ஒரு தேர்ந்த நிபுணனின் முகத்தை வைத்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, உதட்டைப் பிதுக்கினேன்.

"டீச்சரம்மா, அவசரப்பட்டுட்டேன். இது நீராவி மோட்டாரே இல்ல. ரோடு எஞ்சினோட தங்கச்சி மாதிரி ஏதோ ஒண்ணு. என் சேகரிப்புல இதை வச்சா நாலு பேரு சிரிப்பாங்க. நீங்களே வச்சுக்குங்க."

வீரய்யா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பரீட்சையில் காப்பியடித்த பையனைப் பார்ப்பது போல.

"எங்கப்பா மாதிரியே புளுகுறீங்க" என்றார்.

அதைவிடப் பெரிய பட்டத்தை எந்த சமஸ்தானமும் எனக்குக் கொடுக்கப் போவதில்லை. லென்ஸையும் ஜன்னலோரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அது இல்லாமல் அந்தப் படத்தில் முதுகுதானே தெரியும்.

திரும்பும் வழியில் வீரய்யா சும்மா வரவில்லை. "அண்ணே, அது நீராவி வண்டி இல்லன்னா, முத்திரை விழுந்தாச்சுன்னு கத்துனது யாரு?" "பேசாம மிதிப்பா." "ரோடு எஞ்சினுக்குத் தங்கச்சி வேற உண்டா?" "தம்பியும் உண்டு, மிதி." மூன்று மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் மூன்று இருபதுக்குப் புறப்பட்டு, இருட்டுவதற்குள் ஆறேகாலுக்குப் புதுக்கோட்டை சேர்ந்தது. ஊர் நான் காலையில் நகர்த்திவைத்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கரி பஸ்ஸில் வெள்ளை வேட்டி வேண்டாம், இறங்கும்போது அது சாம்பல் வேட்டி. விராலிமலையிலிருந்து உள்ளே போகச் சைக்கிள் நாளொன்றுக்கு நாலணாவுக்குக் கிடைக்கும், கனமான ஆட்கள் நடப்பது டிரைவருக்குச் செய்யும் தர்மம். தபசு காலத்தில் ஆவூர்ப் பக்கம் போனால் கூழ் உண்டு, மீன் கேட்காதீர்கள். பழைய படம் யார் வீட்டில் பார்த்தாலும் வண்டியை அப்புறம் பாருங்கள், முதலில் வண்டியில் இருப்பது யாரென்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். இதைப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். லென்ஸ் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். என்னிடம் கேட்டால் இப்போது இல்லை. இந்த நிமிஷம் யாராவது கரி பஸ் படத்தைக் காட்டி நீராவி மோட்டார் என்றால்கூட நம்பிவிடும் நிலையில்தான் இருக்கிறேன்.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். மயில்கள் தள்ளவில்லை. ஊர் நகரவில்லை. ஊருணியை யாரும் குடிக்கவில்லை. பஸ் நேரம்கூட அன்றைக்குக் கரி காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது, அதையும் ரொம்ப நம்பாதீர்கள். டீச்சரம்மா கையில் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் சொன்னதோ, என் ஆயுளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது. இத்தனைக்கும் நடுவே ஓர் அரிசி அளவுக்கு மட்டும் உண்மை இருக்கிறது. ஆவூர்ப் பாதையில் ஓர் ஓட்டுவீட்டுச் சுவரில், பித்தளை வளையத்துக்குள், வலது கன்னத்துத் தழும்போடு அது சிரித்துக்கொண்டிருக்கிறது.